தசைச் சிதைவால் வளையும் பிஞ்சு முதுகுகள்: எல்லை மலைகளில் காலம் கடந்து எட்டும் அறுவைச் சிகிச்சை

புது தில்லி: தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்லாம் மருந்தை இந்திய நிறுவனம் தயாரித்து விற்பதற்குத் தடை விதிக்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் ஒரு புட்டி சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் விலையில் விற்றுவந்த மருந்தை, ஹைதராபாதைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் 15,900 ரூபாய் விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாடெங்கும் உள்ள பெற்றோர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

ஆனால், ஏற்கெனவே வளைந்துவிட்ட முதுகெலும்பை எந்த மருந்தும் நிமிர்த்துவதில்லை. எஸ்.எம்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்நோயாலும், டுஷேன் தசைச் சிதைவு போன்ற பிற நோய்களாலும் பாதிக்கப்பட்டு, நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் வளரும் சிறார்களுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதே அடுத்த பெரும் ஆபத்தாக வருகிறது. அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை இந்தியாவில் நன்கு வளர்ந்துள்ளது. அது உரிய வயதில் உரிய குழந்தையைச் சென்றடைவதுதான் சிக்கலாக உள்ளது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களின் நிலை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வளைவது ஏன்?:

முதுகெலும்பு ஒரே தூண் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளை இருபுறத்துத் தசைகளும் இழுத்துப் பிடித்து நிறுத்திவைக்கின்றன. பந்தற்காலைச் சுற்றிலும் கட்டிய கயிறுகள் தளர்ந்தால் கால் எந்தப் பக்கமும் சாயக்கூடும் அல்லவா? தசைகள் வலுவிழந்த குழந்தையின் முதுகும் அவ்வாறே சாய்கிறது. முதலில் உட்காரும்போது ஒரு தோள் சற்றே தாழ்ந்து தெரியும். பிறகு இடுப்பெலும்பு ஒருபுறம் உயரும். உடல் எடை முழுவதும் ஒரு பக்கப் பிட்டத்தில் அழுந்துவதால் புண்ணும் வலியும் உண்டாகும். நிமிர்ந்து உட்காருவதற்கே இரு கைகளையும் ஊன்ற வேண்டிய நிலை வரும். எழுதவும் உண்ணவும் இருந்த கைகள் முட்டுக்கொடுக்கும் கழிகளாகிவிடும்.

வெளியே தெரியும் இந்தக் கோணலைவிட உள்ளே நிகழ்வது கொடியது. முதுகு சாயும்போது விலா எலும்புக்கூடு முறுக்கிக்கொண்டு ஒருபக்க நுரையீரலை நெருக்குகிறது. சுவாசத் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் குழந்தைக்கு இது இரட்டைச் சுமையாகும். சளி வெளியேறாமல் தேங்குகிறது. நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே, இந்த அறுவைச் சிகிச்சையை அழகுக்கான சிகிச்சையாகக் கருதுவது பிழை. நிமிர்ந்து உட்காருவதற்கும், இருக்கும் மூச்சைக் காத்துக்கொள்வதற்கும் செய்யப்படுவது அது.

எஸ்.எம்.ஏ. ஏறத்தாழ 10 ஆயிரம் பிறப்புகளில் ஒன்றைத் தாக்குகிறது. இந்நோயின் இரண்டாம் வகையில் குழந்தை உட்காரும், ஆனால் நடக்காது. இவ்வகைக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு முதுகு வளைகிறது. டுஷேன் நோய் ஏறக்குறைய ஆண் குழந்தைகளை மட்டுமே தாக்குவது. ஸ்டீராய்டு மருந்துகள் வழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, நடையை இழந்த சிறுவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை வளைந்த முதுகுடன் வாழ்ந்தனர். அம்மருந்துகள் வந்தபின் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துள்ளது.

காலமே கணக்கு:

வளைவை எக்ஸ்ரே படத்தில் கோணமாக அளக்கின்றனர். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் 2018-இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி, வளைவு 20 டிகிரியைத் தாண்டினால், எலும்பு வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 50 டிகிரியை எட்டி, ஆண்டுக்கு 10 டிகிரிக்கு மேல் கூடிக்கொண்டும் போனால் அறுவைச் சிகிச்சை பரிசீலிக்கப்பட வேண்டும். டுஷேன் நோயில் மருத்துவர்கள் இதைவிடக் குறைந்த கோணத்திலேயே முடிவெடுக்கின்றனர். காரணம், அந்நோயில் நுரையீரலும் இதயமும் தளர்ந்துகொண்டே வருகின்றன. காத்திருந்தால் மயக்க மருந்தைத் தாங்கும் சக்தி குன்றிவிடும்.

அதாவது, இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வாயில் சில ஆண்டுகளுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. மிகச் சிறு வயதில் எலும்புகளை இணைத்துவிட்டால் மார்புக்கூடு வளராது. மிகத் தாமதித்தால் மூச்சு இராது. ஊசி, மருந்து விஷயத்தில் ஆறு மாதத் தாமதத்தைப் பற்றி நீதிமன்றங்கள் வரை பேசுகிறோம். எக்ஸ்ரே எடுக்காமல் கழியும் ஆறு மாதங்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எல்லையின் இருபுறம்:

1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. தேயிலை, ஏலத் தோட்டங்களில் வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்கின்றன. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரங்களிலும் தமிழ் பேசுவோர் மிகுதி. அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர்.

இப்பகுதிகளின் வசதி மாவட்டத்துக்கு மாவட்டம் மட்டுமன்றி ஊருக்கு ஊரும் மாறுகிறது. வாளையாற்றிலிருந்து கோவை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையில் உலகளவில் பெயர்பெற்ற கங்கா மருத்துவமனை அங்கே உள்ளது. தசைச் சிதைவு நோய்களுக்கான மரபணுப் பரிசோதனையையும் ஆலோசனையையும் தனித்துறையாக வளர்த்த எம்.டி.சி.ஆர்.சி. என்ற ஆய்வு மையமும் கோவையிலேயே இயங்குகிறது. இந்த வகையில் பாலக்காட்டு எல்லையோரக் குடும்பங்கள் ஓரளவு கொடுத்துவைத்தவை.

இடுக்கியின் கதை வேறு. மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாக மலையிறங்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரியை அடையலாம். மறுபுறம் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. இடுக்கிக்கென 2014-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இடையில் அங்கீகாரத்தை இழந்து, 2022-இல்தான் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது. தானாக உட்கார முடியாத 10 வயதுப் பிள்ளையை ஜீப்பிலும் பேருந்திலும் மடியில் தாங்கி இறங்குவது என்பது, பரிசோதனைக்கு வரச்சொல்லும் மருத்துவரின் சீட்டில் எழுதப்படாத செலவு. தாயோ தந்தையோ ஒருநாள் கொழுந்துப் பறிப்பை இழந்தால் கூலியும் இல்லை.

தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக மூணாறில் சிருஷ்டி என்ற அமைப்பு நெடுங்காலமாகப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் நடத்திவருகிறது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியே வீடு தேடிச் செல்லும் வலித்தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்களும் கேரளத்தின் தனிச் சிறப்பு. 2008-இல் மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. படுத்த படுக்கையான முதியவரைப் பார்க்க லயன் வீட்டுக்கு வரும் அந்தச் செவிலியரே, அடுத்த வீட்டுச் சிறுவனின் ஒரு தோள் தாழ்ந்திருப்பதைக் கண்டு சொல்லக்கூடிய முதல் ஆளாகவும் இருக்கிறார். இவ்வளவு இருந்தும், ஒரு குறை உறுத்துகிறது. சுகாதாரத் துறையின் விழிப்புணர்வு அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே வருகின்றன. தமிழ்வழிப் பள்ளியில் படித்த தாய்க்கு அவை அரைகுறையாகவே புரியும்.

அரசு மருத்துவமனையில் முதல் முயற்சி:

2021-இல் கண்ணூர் மாவட்டம் மாட்டூலைச் சேர்ந்த ஒரு குழந்தைக்காக 18 கோடி ரூபாய் விலையுள்ள மரபணு ஊசிக்கு ஒரு சில நாள்களிலேயே உலகெங்கும் உள்ள மலையாளிகள் நிதி திரட்டியது பலருக்கு நினைவிருக்கும். எஸ்.எம்.ஏ. என்ற பெயரைக் கேரளத்தின் வீடுதோறும் கொண்டுசேர்த்தது அந்நிகழ்வே. அதன்பின் 2022-இல் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. சிறார்களுக்கு விலையில்லாமல் மருந்து வழங்கும் பணியும் தொடங்கிற்று. அரிய நோய்களுக்கான 'கேர்' என்ற திட்டத்தை மாநில அரசு 2024-இல் அறிமுகப்படுத்தியது.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்பட்ட, ஆனால் இக்கட்டுரைக்கு முக்கியமான நிகழ்வு 2023-இல் நடந்தது. எஸ்.எம்.ஏ. நோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாகச் செய்யப்பட்டது. கேரள அரசு மருத்துவத் துறையில் இந்நோயாளி ஒருவருக்கு இவ்வகைச் சிகிச்சை நடந்தது அதுவே முதல்முறை. அதுவரை பல லட்ச ரூபாய் செலவில் தனியார் மருத்துவமனைகளை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனினும், மூணாறிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 280 கி.மீ. தொலைவில் உள்ளது. பாலக்காட்டிலிருந்தோ அதைவிடவும் அதிகம். அறுவைச் சிகிச்சை இலவசமானாலும், அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்காகவும் பிந்தைய கண்காணிப்புக்காகவும் அத்தொலைவைப் பலமுறை கடக்க வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?:

முதுகின் நடுவே நீளவாக்கில் கீறி, மேல்முதுகு முதல் இடுப்பெலும்பு வரை முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பொருத்துகின்றனர். இருபுறமும் இரு உலோகத் தண்டுகளை அவற்றோடு இணைத்து, வளைவைச் சிறிது சிறிதாகத் திருத்துகின்றனர். பின்னர் எலும்புத் துகள்களை இட்டு முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளச் செய்கின்றனர். பல மணி நேரம் நீடிக்கும் அறுவை இது. எலும்பு வளர வேண்டிய சிறு குழந்தைகளுக்கு முழுமையாக ஒட்டவைக்காமல், நீட்டிக்கொள்ளக்கூடிய வளர்தண்டுகளை வைப்பதுண்டு. வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டத்தக்க தண்டுகளும் வந்துள்ளன. அவற்றின் விலை சாமானியர்க்கு எட்டாதது.

இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் போலியோவில் இருக்கிறது என்பதை இன்றைய தலைமுறை அறியாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் 1950-களில் முதுகில் உலோகத் தண்டு பொருத்தத் தொடங்கியது போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காகவே. 1970-களில் மெக்சிகோவின் எட்வர்டோ லூக்கே ஒவ்வொரு முள்ளெலும்பையும் கம்பியால் தண்டுடன் பிணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தசை தளர்ந்த குழந்தைகளுக்கு அது பெரும் திருப்பமாக அமைந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்கும் தேவை அதனால் நீங்கியது. 2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. அந்நோய் போயிற்று, அதற்காகக் கற்ற வித்தை இப்பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

அறுவை அரங்கில் எலும்பியல் மருத்துவரைவிடக் கடினமான பணி மயக்கவியல் மருத்துவருடையது எனலாம். டுஷேன் நோயுள்ள சிறுவனுக்கு, சக்சினைல்கோலின் என்ற வழக்கமான தசைத் தளர்வு மருந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். முகர்ந்து மயங்கச் செய்யும் வாயுக்களும் தவிர்க்கப்படுகின்றன. நரம்பு வழியே மட்டும் மருந்து செலுத்தி மயக்கத்தைப் பேணுகின்றனர். தண்டுவடத்துக்கு ஊறு நேர்கிறதா என்பதை மின் சமிக்ஞைகள் மூலம் நொடிக்கு நொடி கவனிக்கின்றனர். ரத்த இழப்பு மிகுதியாக இருக்கும். அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் ரத்தசோகை காணப்படுவதால், அங்கிருந்து வரும் குழந்தைக்கு அந்தப் பரிசோதனையும் முன்கூட்டியே செய்யப்பட வேண்டியது அவசியம்.

அறுவைக்கு முன்பே முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பை-பேப் கருவியை அணிந்து பழகச் சொல்கின்றனர். கண்விழித்தவுடன் அதே கருவிதான் குழந்தைக்குத் துணை. இருமலுக்கு உதவும் இயந்திரமும் தேவை. இவ்விரண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத இடத்தில் இந்த அறுவையைத் தொடவே கூடாது. எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் இதைத் தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை கேட்பதற்கு நன்றாக இருக்கும், நடைமுறைக்கு ஆபத்தானது. மாவட்டத்தில் நடக்க வேண்டியது கண்டறிதலும் கண்காணிப்பும்தான்.

சொல்லப்படாத உண்மைகள்:

அறுவைக்குப் பின் மூச்சுத்திறன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் எனப் பெற்றோர் எதிர்பார்க்கின்றனர். அது நிகழ்வதில்லை. குறையும் வேகம் மட்டுப்படலாம். வலியின்றி நெடுநேரம் உட்காருவதும், கைகள் விடுபடுவதும், பராமரிப்பு எளிதாவதும்தான் நிச்சயமான பலன்கள். தொற்று, தண்டு முறிதல், நிமோனியா ஆகிய பின்விளைவுகள், நோயற்ற பிள்ளைகளுக்குச் செய்யப்படும் இதே அறுவையைவிட இவர்களிடம் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. கை வலுவிழந்த குழந்தை முதுகை வளைத்து, குனிந்து, வாயைக் கைக்குக் கொண்டுவந்து உண்ணப் பழகியிருக்கும். முதுகு நேரான மறுநாள் அந்த வளைவு இராது. தானே சோறு உண்ட பிள்ளை ஊட்டிவிடும் நிலைக்கு வரலாம். உயரமான மேசையும் கைதாங்கியும் இதற்கு ஓரளவு தீர்வாகும். ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கப்படாத தாய் இதைச் சிகிச்சையின் தோல்வி என்றே எண்ணுவாள்.

நூசினெர்சென் என்ற மருந்தைத் தண்டுவட நீரில் ஊசியாகப் பெறும் குழந்தைகளுக்கு வேறொரு கவலை. முதுகு முழுவதும் எலும்பாக மூடிக்கொண்டால் ஊசி நுழைய இடமிருக்காது. எனவே, கீழ்முதுகில் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைக்கும் வழக்கத்தை அறுவை மருத்துவர்கள் கைக்கொண்டுள்ளனர். வாய்வழி அருந்தும் ரிஸ்டிப்லாம் மலிவானதால் இத்தேவை குறையக்கூடும்.

யார் பணம்?:

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரு நோயாளிக்கான உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தில்லி எய்ம்ஸ், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. உள்ளிட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியே இது வழங்கப்படுகிறது. 6 லட்சம் ரூபாய்ப் புட்டிகளுக்கு அந்த 50 லட்சம் சில மாதங்களுக்குக்கூடப் போதவில்லை என்பதாலேயே வழக்குகள் எழுந்தன. இப்போது கணக்கு மாறிவிட்டது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. வீதம் ஆண்டுக்குச் சுமார் 30 புட்டிகள் தேவை. 15,900 ரூபாய் விலையில் அது 5 லட்சத்துக்குள் அடங்கும். மிஞ்சும் தொகையிலிருந்து முதுகெலும்பு அறுவைக்கும், பை-பேப் கருவிக்கும், சக்கர நாற்காலிக்கும் இடமளிக்கும்படி கொள்கையைத் திருத்துவதற்கு இதைவிட ஏற்ற தருணம் வாய்க்காது.

காப்பீட்டில் எல்லை மீண்டும் குறுக்கிடுகிறது. தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழகக் குடும்ப அட்டை வேண்டும். தேவிகுளத்துத் தமிழரிடம் இருப்பதோ கேரள அட்டை. அவருக்கு உரியது ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் கேரளத்தின் காருண்யா திட்டம். ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி ஒரு மாநிலப் பயனாளி வேறு மாநிலத்தில் சிகிச்சை பெறலாம். ஆனால், அந்த மருத்துவமனை அத்திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், முன்அனுமதியும் பெற வேண்டும். அருகிலிருக்கும் மருத்துவமனை அண்டை மாநிலத்தில், அட்டை செல்லும் மருத்துவமனை தொலைதூரத்தில் என்ற நிலையில்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இந்நோய்களைப் பிறப்பதற்கு முன்பே அறிய முடியும் என்பதையும் குறிப்பிட வேண்டும். எஸ்.எம்.ஏ. நோயில் தாய், தந்தை இருவருமே குறைபாடுள்ள மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இருவரும் ஒரே குறைபாட்டைச் சுமக்கும் சாத்தியம் கூடுகிறது. முதல் குழந்தைக்கு நோய் உறுதியானவுடன் பெற்றோருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, அடுத்த கருவைத் தொடக்கத்திலேயே சோதிக்க வழியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச் சிதைவு நோயை 21 வகை ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அறுவை முடிந்து தேயிலைத் தோட்டத்து லயனுக்குத் திரும்பும் பிள்ளைக்கு, அச்சட்டம் தரும் அடையாள அட்டையைவிட அவசரமாக வேண்டியவை மூன்று: படிகளுக்குப் பதில் ஒரு சாய்தளம், புதிய உட்காரும் உயரத்துக்கு ஏற்பத் திருத்திய சக்கர நாற்காலி, இரவில் மின்சாரம் நின்றாலும் மூச்சுக்கருவி ஓடுவதற்கு ஒரு பேட்டரி. தண்டு பொருத்திய முதுகை ஆறு வாரத்திலும், பிறகு ஆறு மாதத்திலும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தை இடுக்கி மருத்துவக் கல்லூரியிலோ தேனியிலோ எடுத்துத் திருவனந்தபுரத்துக்கோ கோவைக்கோ கணினி வழியே அனுப்பினால் போதுமானது. அதற்கென்று ஒரு குழந்தையை மலையிறக்க வேண்டியதில்லை.